இல்லாத மூன்றாவது கேட்

அப்பா,

நலமா என்று விசாரித்தால் அம்மாவைத்தான் பதில் எழுதச் சொல்வீர்கள். அதனால் விசாரிக்கவில்லை. என் பெட்டியின் உடைந்த சக்கரம் நான் கிளம்பிய காலையில் தானாகவே சரியாகியிருந்தது. இங்கே கருங்கல் தெருக்களிலும் நன்றாக உருள்கிறது.

இந்த ஊரில் மில் மூடி இருபது வருஷமாகிறது. ஆனாலும் கல்லூரிக்கு வழி சொல்பவர்கள் எல்லோரும், "மூணாவது கேட்ல லெஃப்ட் திரும்பும்மா" என்கிறார்கள். அந்த இடத்தில் மில்லின் கேட்டும் இல்லை, மதிலும் இல்லை. ஒரு சலூன்தான் இருக்கிறது. முதல் வாரம் முழுக்க வகுப்புக்குத் தாமதம். பிறகு ஞாயிறுதோறும் பாய்லர் தெரு, சாயத் தெரு என்று சுற்றிச் சுற்றி ஊரைக் காலாலேயே படித்துவிட்டேன்.

நேற்று புதிதாக வந்த மாணவி ஒருத்தி வழி தெரியாமல் நின்றாள். "மூணாவது கேட்ல திரும்புங்க" என்று சொல்லிவிட்டேன். அவள் திருதிருவென்று விழித்தாள்.

சலூன்காரர் கத்திரியோடு வெளியே வந்து, "சரிதான், நீயும் நம்ம ஊர்க்காரி ஆயிட்டே!" என்று சிரித்தார். எனக்கு அன்று முழுக்கக் கால் தரையில் படவில்லை.

நீங்கள் ரயில் அட்டவணையைப் புரட்டுகிறீர்களாம். அம்மா சொன்னாள். ஸ்டேஷனிலிருந்து நேராக வந்து மூன்றாவது கேட்டில் இடப்பக்கம் திரும்புங்கள். கேட் இருக்காது. நான் இருப்பேன்.

உங்கள் பிடிவாதத்தில் பாதியைக் கையோடு கொண்டுவந்துவிட்ட
மகள்