வளைவுக்குக் கீழே நாற்காலி

11 நவ., செவ்வாய்
விடியலிலிருந்து மழை. கோட்டை வாசலில் காவல். மழைக்கு ஒதுங்க வேறு இடமில்லை, நாற்காலி வளைவுக்குக் கீழே. ரவாங்கிலிருந்து வந்த தம்பதிக்கு வழக்கமான கதை: ஈயப் படகுகளிடம் வரி வாங்க யாரோ ராஜா கட்டியது. வெள்ளைக்காரன் காலத்தில் லாக்கப், ஜப்பான்காரன் காலத்தில் அரிசிக் கிடங்கு, பிறகு ஆட்டுக்கொட்டில். மதில் போய் வாசல் மட்டும் மிச்சம். இப்போது கல்யாணப் போட்டோ எடுக்கும் இடம், வளைவின் ஓரத்தில் முனீஸ்வரர் சூலம்.
வளைவின் உச்சியில் விரிசல். போன மாதம் மயிரிழை, இன்று விரல் நுழைகிறது.
வாங்க: கோப்பித் தூள், பேட்டரி.

12, புதன்
சூப்பர்வைசருக்குப் படம் அனுப்பினேன். “எஞ்சினியர் அடுத்த மாசம் வருவாரு லா அங்கிள், பயப்படாதீங்க.”
விரிசலுக்குக் குறுக்கே காகிதம் ஒட்டினேன். கிழிந்தால் சுவர் நகர்கிறது என்று அர்த்தம்.

13, வியாழன்
கிழிந்திருக்கிறது.
ஞாயிறு முனி பூசை. வளைவுக்குக் கீழே உறுமி, கூட்டம். பொங்கல் பானையோடு முன்னால் என் மனைவி சாந்தி. கண்ணை மூடினால் இதுதான் தெரிகிறது.

14, வெள்ளி
பூசை நடத்தும் மணியம் அண்ணனிடம் காட்டினேன். சிரித்தார். “அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். நாங்க பாத்துக்கிறோம்.” மாலைக்குள் விரிசலில் சிமெண்டு, மேலே மஞ்சள் பெயிண்ட், குங்குமப் பொட்டு. என் காகிதமும் உள்ளே போயிற்று. இனி நகர்ந்தாலும் தெரியாது.
சாந்தியிடம் போகாதே என்றேன். “மக பிரசவம் நல்லபடியா முடிஞ்சா பொங்கல் வைக்கிறேன்னு வேண்டியிருக்கேன். நல்லபடியா முடிஞ்சிருச்சு, போகாம இருப்பேனா?”

16, ஞாயிறு
ஆள் வருமுன் போய்ச் சூலத்தைப் பிடுங்கி, தள்ளியிருந்த அரசமரத்தடியில் நட்டேன். விரதம் இல்லை. நேற்றுதான் கோழியோடு நாசி லெமாக் சோறு தின்றேன். முனி கேட்டால் என்ன சொல்வேன்?
மணியம் அண்ணன் பார்த்தார். சூலத்தின் முன் கற்பூரம் ஏற்றினார். “முனி தானாவே வெளிய வந்துட்டாரு.” எல்லாரும் மரத்தடிக்கு. உறுமி அங்கே. சாந்தியின் பானை பொங்கியது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

17, திங்கள்
மறுபடி மழை. வேலைக்குக் கிளம்பும்போது சாந்தி என் நெற்றியில் திருநீறு பூசினாள்.
“முனி வெளிய வந்துட்டாருல்ல, இனி வாசலுக்குக் காவல் உங்க வீட்டுக்காரருதான்னு மணியம் அண்ணன் எங்கிட்ட அருள்வாக்கு சொன்னாரு. வருசம் முழுக்க நீங்க அங்கயே உக்காருவீங்கன்னு நானும் முனிகிட்ட வேண்டிக்கிட்டேன்.”
மறுத்தால் முனி எப்படி வெளியே வந்தார் என்று சொல்ல வேண்டிவரும். கோழி தின்ற கையால் சூலத்தைத் தொட்டவன் நான்.
நாற்காலி அதே இடத்தில். உட்கார்ந்திருக்கிறேன். மஞ்சள் பெயிண்டில் மெல்லிய கோடு. காலையில் இல்லை.