அண்ணி வீட்டுச் சந்து

செவ்வாய், இரவு.

அண்ணியுடன் இன்று ஹைகோர்ட்டுக்குப் போனேன். ஸ்ரீராம்புரத்தில் அவர் வீட்டு வாசலுக்குப் போகும் சந்து பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொந்தம் என்று கீழ்க் கோர்ட்டுகள் இரண்டும் சொல்லிவிட்டன. அங்கே சுவர் எழுந்தால் அண்ணிக்கு வேறு வழி கிடையாது. நீதிபதிக்குக் காட்ட வாசல்கதவைப் படமெடுத்துப் பையில் வைத்திருந்தார். நீதிபதி வக்கீலிடம் கேட்டது ஒன்றுதான்: இதில் சட்டக் கேள்வி என்ன? வக்கீல் அவகாசம் வாங்கினார்.

அதற்குமுன் பக்கத்து ஹாலில் ஒரு கத்திக்குத்து வழக்கைக் கேட்டிருந்தோம். எங்கள் ஹாலிலிருந்து வெளியே வந்ததும் அண்ணி வக்கீலைப் பிடித்துக்கொண்டார்.

"குத்துனவனுக்குத் தெரு விளக்கு எங்க இருந்துச்சுன்னு கேக்கறாங்க. என் கதவு எங்கன்னு யாரும் கேக்கலையே, சார்?"

"அவனுக்கு இது முதல் அப்பீல்மா, சாட்சியெல்லாம் மறுபடி பாப்பாங்க. உங்களுது ரெண்டாவது. ரெண்டு கோர்ட்ல பாத்தாச்சு, இங்க சட்டம் மட்டும்தான்."

"அந்த ரெண்டு ஜட்ஜும் எங்க வீதிப் பக்கமே வரலையே!"

வக்கீல் சிரித்தார். ஒரே கதையை எத்தனை முறைதான் கேட்பார்கள்? இரண்டாவது அப்பீலில் சட்டம் மட்டும் என்ற ஏற்பாடு எனக்கு நியாயமாகவே பட்டது. இரண்டு பேரும் ஒரே இடத்தில் தவறியிருந்தால் என்ன ஆகும் என்றுதான் தெரியவில்லை.

சாப்பிட்டபின் அண்ணி போன் செய்தார். "நீ படிச்சவதானே, அந்தக் கேள்வி என்னன்னு யோசிச்சுச் சொல்லு."

எழுதி எழுதி அடித்தேன். சந்து யாருடையது என்றே இத்தனை நாள் சண்டை போட்டிருக்கிறோம். பக்கத்து வீட்டுக்காரருடையதாகவே இருக்கட்டும். வேறு வழியில்லாதவர் அதில் நடக்கலாமா, கூடாதா? இதை எந்தக் கோர்ட்டிலும் நாங்கள் கேட்கவே இல்லை. இனிமேல் கேட்க விடுவார்களா?