பட்டினி போட்டால் பூக்கும் செடி

இன்று மத்தியானம் மண் வாசனை வந்தது. தெருப்புழுதியில் முதல் தூறல் விழுந்ததும் கிளம்புமே, அந்த வாசனை. சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் எச்சில் கையோடு ஓடி, ஜன்னல் கட்டையிலிருந்து உன் டப்பாவை எடுத்து உள்ளே வைத்தேன். திரும்பி வந்தபோது சோறு ஆறிப்போயிருந்தது. அதற்கு மேல் சாப்பிடப் பிடிக்கவில்லை.

டப்பாவுக்குள் இப்போது மணல் மட்டும்தான் இருக்கிறது. நனைந்தால் என்ன, நனையாவிட்டால் என்ன? ஆனாலும் ஐப்பசியில் வானம் கறுத்தால் என்னால் உட்கார்ந்திருக்க முடிவதில்லை. இதை வெளியில் சொன்னால் பார்சல் ஆபீசில் சிரிப்பார்கள். அதனால் உனக்கு எழுதுகிறேன்.

கடலூர் முதுநகரில் உங்கள் பக்கத்து வீட்டு மாமி கொடுத்த கல்யாணச் சீர் அது. அவர் வீட்டுக்காரர் கப்பலேறிப் பினாங்கு போய் வந்தபோது கொண்டுவந்த செடியின் குட்டி. ஒரு பால் பவுடர் டப்பாவில் கெடிலம் ஆற்று மணல், அதன் நடுவே எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு முள் உருண்டை. குடத்தையும் குத்துவிளக்கையும் எங்கள் ஆட்களிடம் கொடுத்துவிட்டு, இதை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு சிதம்பரம் வரைக்கும் ரயிலில் வந்தாய். புது மாப்பிள்ளை என்று ஒருவன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதே உனக்கு நினைவில்லை. "குத்திடப் போவுது" என்றேன், ஏதாவது பேச வேண்டுமே என்று. "ஒங்கள விட எனக்கு இதத்தான் ரொம்ப நாளாத் தெரியும்" என்றாய். நீ என்னோடு பேசிய முதல் பேச்சு அதுதான்.

அதற்கு நீ செய்த உபசாரம் கொஞ்சமா? காலையில் கோலம் போட்ட கையோடு ஒரு கரண்டி தண்ணீர். வெயில் நகர நகர டப்பாவும் ஜன்னல் ஜன்னலாக நகரும். அது மட்டும் பூப்பேனா என்று அழும்பு பிடித்துக்கொண்டு நின்றது. "மாமி ஏமாத்திட்டாங்க, இது கல்லுல செஞ்சது" என்று கிண்டல் செய்வேன். ஒருநாள் முழுக்க என்னோடு பேசமாட்டாய்.

பிறகு நீ பிரசவத்துக்குக் கடலூர் போனாய். போகிற அன்று ஸ்டேஷனில்கூட உடம்பைப் பற்றிச் சொல்லவில்லை. "ஒரு கரண்டி, மறந்துடாதீங்க" என்றாய். நான் முதல் வாரத்திலேயே மறந்துவிட்டேன். கார்த்திகையும் மார்கழியும் தையும் போயின. பிள்ளை பிறந்த சேதியும் அது தங்கவில்லை என்ற சேதியும் ஒரே தந்தியில் வந்தன. மாசியில் நீ வெறுங்கையோடு ரயிலிறங்கினாய். வீட்டுக்குள் நுழைந்து நேரே ஜன்னலுக்குப் போனாய். திட்டப்போகிறாய் என்று நின்றிருந்தேன்.

உருண்டையின் தலையைச் சுற்றி, மாலை கட்டியது மாதிரி, ரோஸ் நிறத்தில் சின்னச் சின்னப் பூக்கள். நானே அப்போதுதான் பார்த்தேன்.

"தண்ணி ஊத்துனீங்களா?"

"இல்ல."

"ஒரு நாளும்?"

"மறந்துட்டேன்."

அப்படியே தரையில் உட்கார்ந்தாய். சிரித்தாயா அழுதாயா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. "பட்டினி போட்டாத்தான் பூக்கும் போலருக்கு. இது தெரியாம ஊத்தி ஊத்திக் கெடுத்திருக்கேன் பாருங்க" என்றாய். பிள்ளை போனதற்கு அன்றுதான் என் தோளில் சாய்ந்து அழுதாய்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் ஐப்பசி பிறந்தால் டப்பாவை உள்ளே எடுத்துவிடுவாய். மாசி வரைக்கும் சொட்டுத் தண்ணீர் கிடையாது. கரண்டியை எடுத்துக்கொண்டு ஜன்னல் வரைக்கும் போய், திரும்பி வருவாய். "ஊத்துறது சுலுவு. ஊத்தாம இருக்குறதுதான் கஷ்டம்" என்பாய். மாசியில் அது பூக்கும். நமக்கு மறுபடி பிள்ளை பிறக்கவில்லை.

கீரப்பாளையத்து அக்காவைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அரிசிக்கு ஊரே க்யூவில் நின்ற காலத்தில் நமக்குத் தன் வயலில் விளைந்ததைத் தலையில் சுமந்துவந்து போட்டவள் அவள். ஆனால் அந்தச் செடியைப் பார்த்தால் மட்டும் அவளுக்கு ஆகாது. "முள்ளுச்செடிய வூட்டுக்குள்ள வெச்சிருந்தா எப்புடிடா கொழந்த தங்கும்? தூக்கி ஏரியில கடாசு" என்று என்னிடம்தான் சொல்வாள், நீ அடுப்படியில் கேட்டுக்கொண்டிருப்பது தெரிந்தே. நீ ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியதில்லை. அக்கா வருகிறாள் என்றால் செடி தலைமறைவாகிவிடும். குளியலறைக்குப் பின்னால் விறகுக் கட்டைகளுக்கு நடுவே அதை ஒளித்துவிட்டு, "வாங்க அண்ணி" என்று சிரித்தபடி வருவாய். அவள் பஸ் ஏறியதும் திரும்ப ஜன்னலுக்கு வந்துவிடும். அந்தக் கள்ளத்தனம் எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்று உன்னிடம் சொன்னதே இல்லை.

போன வருஷம் மஞ்சள் காமாலை. கடலூர் ஆஸ்பத்திரியில், ஜன்னலுக்கு வெளியே மேகத்தைப் பார்த்துவிட்டு, "ஐப்பசி பொறந்துடுச்சே, டப்பாவ உள்ள எடுத்து வெச்சீங்களா?" என்று கேட்டாய். வைத்துவிட்டேன் என்றேன். உண்மையாகவே வைத்திருந்தேன். அதற்குப் பிறகு நீ பேசியதெல்லாம் ஜுரத்தின் பேச்சு.

உன்னைக் கிடத்தியிருந்த இடத்தில் விளக்கேற்றி, பக்கத்தில் ஒரு செம்புத் தண்ணீர் வைத்தார்கள். காரியம் முடியும்வரை தினமும் அதை மாற்றுவது அக்காவின் பொறுப்பு. பழைய தண்ணீரைக் கால் படாத இடத்தில்தான் ஊற்ற வேண்டும் இல்லையா? முற்றத்தில் ஆட்கள் நடமாட்டம். அக்கா சுற்றிலும் பார்த்திருக்கிறாள். ஜன்னலோரம் உன் டப்பா. மணல் காய்ந்து வெள்ளையாகக் கிடந்திருக்கிறது. "பாவம், அவ போனதுலேர்ந்து யாருமே ஊத்தல போலருக்கு" என்று யாரிடமோ சொன்னது என் காதிலும் விழுந்தது. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தேன். அது எதைப் பற்றிய பேச்சு என்று எனக்குள் ஏறவில்லை. ஏரியில் கடாசச் சொன்ன செடிக்கு அக்கா தினமும் காலையில் உன் செம்பைக் கவிழ்த்தாள். கவிழ்க்கும்போது அழுதாளாம்.

எல்லாரும் போன பிறகு ஒருநாள் வீட்டில் ஒரு நாற்றம். செடியைத் தொட்டேன். விரல் உள்ளே போய்விட்டது, கனிந்து அழுகிய வாழைப்பழத்தில் போவது மாதிரி. முள் மட்டும் அப்படியே இருந்தது. பக்கத்தில் விட்டிருந்த குட்டிகளும் கூழாகிப் போயிருந்தன. வேறு குட்டி வாங்கலாம் என்று கடலூருக்குப் போனேன். மாமி வீட்டில் பூட்டு. குடும்பத்தோடு பினாங்குக்கே போய்விட்டார்களாம். திரும்பும்போது ரயிலில் என் மடியில் ஒன்றுமில்லை.

பங்குனியில் அக்கா உளுந்து மூட்டையோடு வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே, "அவ செடி எங்கடா?" என்றாள். நான் டப்பாவைக் காலையிலேயே விறகுக்குப் பின்னால் வைத்திருந்தேன், நீ ஒளிக்கும் அதே இடத்தில்.

"மாடியில வெயிலுக்கு வெச்சிருக்கேன்க்கா." முட்டிவலிக்காரி, படி ஏறமாட்டாள் என்று தெரியும்.

"பூத்துதா?"

"பூத்துது."

அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். "பூக்காம பின்ன? அவளுக்கு வெச்ச தண்ணியில்ல குடிச்சிருக்குது. நான் எவ்ளோ ஏசியிருப்பேன் அந்தச் செடிய. அந்தப் பாவத்துக்கு இதாச்சும் செஞ்சேன்" என்றாள். ஆமாக்கா என்றேன். நீ இருந்திருந்தால் நீயும் ஆமாம் அண்ணி என்றுதான் சொல்லியிருப்பாய் என்று என்னைச் சமாதானம் செய்துகொள்கிறேன். சமாதானம் ஆகவில்லை.

அடுத்த வாரம் உன் வருஷத் திதி. அக்கா கீரப்பாளையத்திலிருந்து ஆள் விட்டுச் சொல்லியனுப்பியிருக்கிறாள்: "செடியக் கீழ எறக்கி வெளக்குகிட்ட வெச்சிடு. என் கையாலதான் தண்ணி ஊத்துவேன்."

மாற்று வழி எதுவும் எனக்குத் தோன்றவில்லை. மணல் டப்பாவை விளக்கருகே வைக்கப்போகிறேன். ஒரு தரம் பூத்துவிட்டால் அடுத்த மழைக்காலத்தில் மண்ணுக்குள் போய்விடும், மாசியில்தான் தலை நீட்டும் என்று சொல்வேன். அந்தச் செடியைப் பற்றி யார் எதைச் சொன்னாலும் நம்புகிறவள், இதையும் நம்புவாள். ஒரு வருஷமாக ஒரு தூறல் படாமல் காய வைத்துக் காப்பாற்றிய மணல் இது. நீ சொல்லிவிட்டுப் போனதில் என்னால் ஒழுங்காகச் செய்ய முடிந்தது இது ஒன்றுதான். செம்பு நிறைய அக்கா அதில் ஊற்றுவாள். நான் தடுக்கமாட்டேன்.

ஊற்றட்டும். அழுகிப்போக இனி அதில் ஒன்றும் இல்லை.