பரோலா பங்குக்கு வைத்த விருந்து

ஜாரோ, இலோய்லோ, பிலிப்பைன்ஸ்

அன்பு மகள் கிளெண்டாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம், கோழிகளும் நலம். உன் முழங்கால் வலி குறைந்தது என்று சேதி வந்தால்தான் இந்த நலம் முழுசாகும். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் சொன்னால் நீ கத்துவாய், பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும் அப்பாவின் முகம் வாடிவிடும். அதனால்தான் ஹாங்காங் திரும்பும் ரோவேனாவிடம் கருவாட்டுப் பொட்டலத்தோடு இதைக் கொடுத்தனுப்புகிறேன், முதலில் இதைப் படி, பிறகு பொட்டலத்தைப் பிரி.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டு வேலைக்கு லீவு என்று தோழிகளோடு நடைபாதையில் அட்டை விரித்து உட்கார்ந்துகொண்டு போனில் கூவினாயே, "அப்பா, நான் உங்க பேர்ல வாங்கின பரோலா டெலிகாம் பங்கு, முப்பது பெரிய கம்பெனிங்க இருக்கிற சந்தைக் குறியீட்டுல சேரப்போகுது, பெரிய ஃபண்டெல்லாம் வாங்கியே ஆகணும், இன்னும் ஏறும், விக்காதீங்க, நான் இங்கேயே வேலைக்கு இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுடறேன்" என்று. எனக்குக் குறியீடும் தெரியாது, ஃபண்டும் தெரியாது, ரெண்டு வருஷம் மட்டும் நன்றாகக் காதில் விழுந்தது. அந்தக் கம்பெனியின் நெட் நம் வீட்டில் கொய்யா மரத்தடியில் நின்றால்தான் கிடைக்கிறது, அதன் பங்கு மட்டும் எப்படி இந்தக் குதி குதிக்கிறதோ. அப்பா வாய் சும்மா இருக்குமா, முடிதிருத்தும் நெஸ்டரிடம் சொல்லிவிட்டார். நம் தெரு உனக்குத் தெரியும், ஒருவருக்கு அதிர்ஷ்டம் என்று கேள்விப்பட்டால் விருந்து வாங்காமல் விடாது. "பரோலா முதலாளி, பன்றி எப்ப சுடறீங்க?" என்று வாசலிலேயே நின்றார்கள். இவரும் ஒரு பங்கைக்கூட விற்காமல், கைக்கு வராத லாபத்துக்கு முழுப் பன்றி சுட்டுப் போட்டார். நான் தலையில் அடித்துக்கொண்டேன். தின்றுவிட்டுப் பாதிப் பேர் அதே பங்கை வாங்கக் கிளம்பிவிட்டார்கள்.

அந்த விருந்தில்தான் நெஸ்டர் கேட்டான், கிளெண்டா எப்போது வருகிறாள் என்று. பங்கு இன்னும் ஏறட்டும், அப்புறம் வருவாள் என்றார் அப்பா பெருமையாக. நெஸ்டர் எலும்பைக் கடித்துக்கொண்டே, "ஏறினா இன்னும் ஏறட்டும்னு இருப்பா, இறங்கினா போட்டது திரும்பட்டும்னு இருப்பா. அப்ப எப்பதான் அண்ணே வருவா?" என்றான். விளையாட்டாகத்தான் கேட்டான். அப்பா பன்றித்தோல் வெட்டிக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்துவிட்டார், பிறகு ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. மறுநாள் காலை போனை எடுத்துக்கொண்டு கொய்யா மரத்தடிக்குப் போனவர் எல்லாப் பங்கையும் விற்றுவிட்டு வந்தார். உன்னையும் கேட்கவில்லை, என்னையும் கேட்கவில்லை. ஊருக்கு வந்து வைக்க நீ ஆசைப்பட்ட பேக்கரிக்கு அடுப்பு வாங்க அந்தப் பணம் போதும், பெயர்ப்பலகையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். குறியீட்டில் சேர்ந்த அன்று பங்கு இன்னும் ஏறியது. "இன்னைக்கும் ஏறிடுச்சு அண்ணே, கெட்டுது போ!" என்று நெஸ்டர் கடையிலிருந்தே கத்தினான். அப்பா காதில் விழாத மாதிரி உன் அறை ஜன்னலுக்குப் பச்சை வண்ணம் அடித்துக்கொண்டிருந்தார், அடித்த இடத்திலேயே திரும்பத் திரும்ப அடித்தார். உனக்கு என்ன பதில் சொல்வது என்றுதான் அவருக்குப் பயம்.

எனக்கு அவர்மேல் கோபமே இல்லை மகளே. இத்தனை வருஷம் வேறு யாரோ வீட்டு முதியவளைத் தூக்கி உட்காரவைத்து உன் முழங்கால் போனது. எனக்கு நீ வேண்டும், அவ்வளவுதான். புது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதே. குளிரில் காலுறை போட்டுக்கொள், ஈரத் தலையோடு படுக்காதே. கண்டேலாரியா மாதா உன்னைக் கைப்பிடித்து வீடு சேர்க்கட்டும்.

உன்னை நினைத்தபடியே இருக்கும் அம்மா,
ஃபெலிசிடாட்

மடிக்கும் நேரத்தில் அப்பா வந்து பார்த்துவிட்டார், தானும் ஒரு வரி எழுத வேண்டுமாம்:

கிளெண்டா, திட்டறதுன்னா போன்ல வேண்டாம்மா, வீட்டுக்கு வந்து திட்டு. – அப்பா