மெஷின் கேட்ட எடை

நவம்பர் 3, திங்கள்
மேகமூட்டம். அத்திப்பட்டு அனல்மின் நிலையப் பக்கத்துக் காற்று. ஜன்னல் விளிம்பெல்லாம் சாம்பல். குடலிறக்க ஆபரேஷனுக்கு முன் எண்பத்தைந்துக்கு இறங்கணும் என்கிறார் டாக்டர். இப்போது தொண்ணூற்றொன்று. வண்ணாரப்பேட்டை பாய் கடையிலிருந்து பழைய டிரெட்மில் வந்தது. முன்னறையில் என்னைவிட அதிக இடம் அடைக்கும் முதல் பொருள்.

கலோரிக் கணக்குக்கு மெஷின் எடை கேட்டது. கூச்சம். எழுபது என்று அழுத்தினேன். இருபது நிமிஷ ஓட்டம் (நடை). பக்கத்து வீட்டு டில்லி எட்டிப் பார்த்துச் சிரிப்பு: "குண்டா கீறவனுக்குத்தான் மாமு கலோரி ஜாஸ்தி காட்டும். உன் பொய்யில உனக்கே நஷ்டம்."

உண்மையைப் போட்டேன், 91. மறுபடி ஓட்டம். மொத்தச் சாதனை: ஒரு பஜ்ஜி கரைந்திருக்கலாம்.

நவம்பர் 4
கடைசியாக அழுத்திய எடைதான் மெஷினில் நிற்கும். காலையில் போட்டால் 91 இல்லை. 60. மனைவி மேல் சந்தேகம்.

"நான் அறுபது கிலோ இருந்திருந்தா உன்ன ஏன்யா கட்டிக்கப் போறேன்?" என்றாள் மல்லிகா.

நியாயம். வீட்டில் வேறு யாரும் இல்லை.

நவம்பர் 7
தினமும் 91 போட்டுவிட்டுப் படுக்கிறேன். காலையில் வேறு எண். நேற்று 62, இன்று 63. தராசில் நான் 88. லுங்கி நழுவுகிறது. மல்லிகா தெரு முழுக்கத் தண்டோரா.

நான் மூன்று இறங்கினேன். அது மூன்று ஏறியிருக்கிறது.

நவம்பர் 9, ஞாயிறு
நேற்று பெல்ட்டைத் துடைத்து, ஜன்னலைத் திறந்து வைத்து, அறையைப் பூட்டினேன். ஜன்னலுக்குக் கம்பி உண்டு. காலையில் பெல்ட் மேல் சாம்பல். அதில் இரண்டு வெறுங்கால் தடம். என் கால் அகலம், இது ஒல்லி. ஓடின தடம் இல்லை. நின்ற தடம். விரல்கள் எங்கள் படுக்கையறைப் பக்கம்.

மல்லிகாவிடம் சொல்லவில்லை. துடைத்துவிட்டேன்.

நவம்பர் 10
பாய் கடை.

"யார் வூட்டு மெஷின் பாய்?"

"எண்ணூர்க்காரரு. உங்கள மாதிரியே தமாஷ் பேர்வழி. சூப்பரா எளைச்சாரு."

"அப்பறம்?"

"எளைச்சிகினே இருந்தாரு. டீ சாப்டுங்க நைனா."

டீயை அப்படியே வைத்தேன். திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னேன். நாளை வண்டி.

நவம்பர் 11
வண்டி வந்தது. போச்சு சனியன். தராசில் 85. டாக்டர் கைகுலுக்கினார். ஆபரேஷனுக்கு நாள் குறித்தாச்சு. "இதோட நிறுத்திக்குங்க, போதும்" என்றார். யாரிடம் சொல்கிறார்?

நவம்பர் 13
மழை. இரண்டு நாளாக நாற்காலியை விட்டு எழவில்லை. தராசில் 83. மல்லிகா சிரிப்பதை நிறுத்திவிட்டாள்.

பாய்க்குப் போன். மெஷினைப் போட்டு எடை என்ன நிற்கிறது என்று பார்க்கச் சொன்னேன்.

"அறுபத்தெட்டு நிக்குது. கடையில யாரும் தொடலியே... ஏன் நைனா?"

வைத்துவிட்டேன். சாயங்காலம் மல்லிகா தட்டு நிறையப் பஜ்ஜி சுட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். "துன்னுயா. இன்னும் ஒண்ணு. எனக்கோசரம்." அத்தனையும் தின்றேன்.

நவம்பர் 14
82.