சூடு தெரியாத கால்

உத்திரமேரூர்,
சித்திரை, புதன்கிழமை

என் கண்ணான மோகனாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. அம்மன் புண்ணியத்தில் இங்கே வீடும் மாடும் சுகம், உன் சுகத்தை உன் வாயால் கேட்கக் காத்திருக்கிறேன். எல்லாரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், அது முழு உண்மை இல்லை என்பதால் வீடு, மாடு என்று நிறுத்திக்கொண்டேன். போன் இருக்கும்போது இவள் எதற்குக் காகிதத்தில் கிறுக்குகிறாள் என்று நினைப்பாய். டச் போன் உன் நைனா சட்டைப் பையிலேயே இருக்கிறது, நீ வெளிநாட்டிலிருந்து கூப்பிட்டால் ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுகிறார், அவரைப் பற்றி அவர் எதிரில் எப்படிப் பேசுவது. வீடு வீடாகச் சர்க்கரை மாத்திரை கொண்டுவரும் நம் தெரு ஜெயப்பிரியா இதைத் தன் போனில் படம் எடுத்து உனக்கு அனுப்புவாள். எழுத்து கோணலாக இருந்தால் பெரிதாக்கிப் படித்துக்கொள்.

நவரை அறுப்பு முடிந்தது, மிஷின் விட்டதால் ஒரே பகலில் வேலை தீர்ந்தது, நெல்லைத் தார் ரோட்டில் கொட்டிக் காயவைத்திருக்கிறோம். கிடேரி சினையாக இருக்கிறது. சின்னப்பையன் மாமா நிலத்தில் வெள்ளைக் கல் நட்டு மனை போட்டுவிட்டார்கள், ஏதோ ஒரு நகர் என்று பெயர் வைத்து வளைவும் கட்டியாகிவிட்டது, இதுவரை அங்கே குடிவந்தது நாலைந்து நாய்கள்தான். வெயில் மண்டையைப் பிளக்கிறது. இந்த வருஷம் திரௌபதியம்மனுக்குக் காப்புக் கட்டிப் பாரதம் நடக்கிறது, தினமும் சாயங்காலம் மைக்செட் சத்தத்தில் மாடு கூட மிரள்கிறது. வருகிற ஞாயிறு சாயங்காலம் தீமிதி. உன் நைனாவும் மஞ்சள் வேட்டி கட்டி, கையில் காப்புக் கட்டிக்கொண்டு, தீ மிதிக்கிறேன் என்று பெயர் கொடுத்துவிட்டார். இதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

அவர் காலைப் பற்றி உன்னிடம் என்ன சொல்லிவைத்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும், பக்கத்தில் நின்றுதானே கேட்டேன். "சின்ன முள்ளு கண்ணு, ஆறிப்பூட்ச்சி" என்றார். நடந்ததை நான் சொல்கிறேன். மாசி மாதம் வரப்பில் வேலிகாத்தான் முள் செருப்பைத் துளைத்துக்கொண்டு காலில் ஏறியிருக்கிறது, அந்த முள்ளோடேயே வீடு வரைக்கும் நடந்து வந்து, கை கழுவி, உட்கார்ந்து சோறு சாப்பிட்டார். மோர் ஊற்ற வந்தபோதுதான் வாசலிலிருந்து சிமெண்டுத் தரை முழுக்க ரத்தத்தில் கால்தடம் பார்த்தேன். ஐயோ என்று நான் கத்துகிறேன், இன்னா ஆச்சி என்று அவர் என்னைக் கேட்கிறார். புண் ஆறுவதற்குள் நான் பாதி ஆளாகிவிட்டேன். சர்க்கரையால் பாதத்தில் உணர்ச்சியே போய்விட்டது, இனி வீட்டுக்குள்ளேயும் செருப்பில்லாமல் நடக்கக் கூடாது, இன்னொரு புண் வந்தால் விரலோடு போகுமா காலோடு போகுமா என்று சொல்ல முடியாது என்று ஆஸ்பத்திரி டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். போன வாரம் ஜெயப்பிரியா அவரைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, விளக்குமாற்றுக் குச்சியால் உள்ளங்கால் முழுக்கக் குத்திப் பார்த்தாள். எங்கெங்கே குத்தினேன் மாமா என்று கேட்டதற்கு, "நீ இன்னும் ஆரம்பிக்கவே இல்லியே" என்கிறார். அந்தக் காலோடுதான் நெருப்பில் இறங்கப் போகிறார். காப்புக் கட்டினவர் செருப்புப் போடக் கூடாதாம், டாக்டரம்மா சொல்லி வாங்கின மெத்துச் செருப்பு மூலையில் கிடக்கிறது, இவர் உச்சி வெயிலில் வெறுங்காலோடு தார் ரோட்டில் நெல் கிளறிக்கொண்டிருக்கிறார். நான் கத்தினால் சிரிக்கிறார். "மத்தவங்களுக்கெல்லாம் காலு சுடும், எனக்கு சுடவே சுடாது. அம்மனாப் பாத்து குடுத்துகீது, நீ இன்னாத்துக்கு பேஜார் பண்ணிக்கினு கீற" என்கிறார். நோயைப் போய் வரம் என்று நினைக்கும் மனுஷனிடம் நான் என்ன பேச.

வேண்டுதல் உன் பேரில்தான் கண்ணு. தூக்கமே வரவில்லை, மனசு சரியில்லை, அதற்கு டாக்டரிடம் போய்க்கொண்டிருக்கிறேன் என்று நீ அவரிடம் மட்டும் சொன்னாயே, அது எனக்கும் தெரியும். மாட்டுக்கொட்டகையில் போய் நின்று ரகசியம் பேசினார், ஸ்பீக்கரை நிறுத்த மறந்துவிட்டார். என்னிடம் சொல்லவில்லையே என்று எனக்கு ஆற்றாமைதான், மறைக்க மாட்டேன். அம்மாவிடம் சொன்னால் கண்ணேறு, எண்ணெய் தேய்த்துக் குளி என்பாள் என்று நினைத்திருப்பாய். சொல்லித்தான் இருப்பேன். நம் ஊரில் இப்படியென்றால் குறி கேட்கத்தான் ஓடுவோம், கல்யாணம் செய்துவைத்தால் சரியாகிவிடும் என்பார்கள், வேறு என்ன தெரியும் எங்களுக்கு. ஆனால் உன் பெயரைச் சொல்லாமல் ஜெயப்பிரியாவிடம் கேட்டேன். "சர்க்கரைக்கு மாத்திரை போட்டுக்கினு இல்லியா அத்தே, அந்த மாதிரி மனசுக்கும் மாத்திரை, இதுல இன்னா கீது" என்றாள். கேட்ட பிறகு எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. அதனால் சொல்கிறேன், மாத்திரையை நீயாக நிறுத்தாதே. நன்றாக இருக்கிறது என்று இவர் சர்க்கரை மாத்திரையை நடுவில் நிறுத்தித்தான் கால் இந்தக் கதிக்கு வந்தது. உனக்கு ஒன்று என்றால் அவர் என்னிடம் மறைக்கிறார், அவருக்கு ஒன்று என்றால் உன்னிடம் மறைக்கிறார், நடுவில் நான் ஒருத்தி மத்தளம் மாதிரி இரண்டு பக்கமும் அடி வாங்குகிறேன்.

யார் சொல்லியும் அவர் கேட்காததால் பூசாரி பச்சமுத்துவிடம் போய் நின்றேன். கட்டின காப்பை அவிழ்த்தால் குற்றமாகுமா, பிள்ளைக்கு ஏதாவது ஆகுமா என்று கேட்கும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் நல்ல மனுஷன். "யார் பேர்ல வேண்டிக்கினாரோ, அந்தப் பொண்ணு வாயால வேணாம்னு சொன்னா போதும்மா. குண்டத்த சுத்தி வந்து பால் ஊத்திட்டுப் போவட்டும், அம்மன் ஒண்ணும் கோச்சிக்க மாட்டா" என்றார். நான் சொன்னால் செல்லாது, நீ சொல்ல வேண்டும். ஆனால் ஒன்று, நல்லாகிவிட்டேன் என்று மட்டும் பொய் சொல்லாதே. உன் குரலில் ஒரு நூல் இறங்கினாலும் அவருக்குத் தெரிந்துவிடும், பெரிதாக எதையோ மறைக்கிறாய் என்று பயந்து இன்னும் பிடிவாதமாகத் தீயில் இறங்குவார். உள்ளதைச் சொல். இன்னும் சரியாகவில்லை நைனா, மாத்திரை சாப்பிடுகிறேன், நீங்கள் தீயில் இறங்கினால் எனக்கு வருகிற கொஞ்சத் தூக்கமும் போய்விடும், நான் ஊருக்கு வரும்போது ஏர்போர்ட்டில் வந்து நிற்க உங்களுக்குக் கால் வேண்டும் என்று சொல்.

உடம்பு சரியில்லாத பிள்ளை தலையில் இதையும் ஏற்றுகிறேன், பொறுத்துக்கொள். வேறு ஆள் இருந்தால் உன்னிடம் வந்திருக்க மாட்டேன். அவர் உன் பேச்சை மட்டும்தான் கேட்பார், நீ பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்தே அப்படித்தான். உன் மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. ஜன்னல் திரையை எந்நேரமும் இழுத்து விட்டுக்கொண்டு உட்காராதே, போனில் பார்க்கிறபோதெல்லாம் உன் அறை இருட்டாகவே இருக்கிறது. பனி இல்லாத நாளில் கொஞ்சம் வெளியே நட. தனியாகச் சமைத்துச் சாப்பிடப் பிடிக்கவில்லை என்றால் ரசம் மட்டுமாவது வைத்துக்கொள். இனிமேல் நைனாவிடம் சொல்வதை என்னிடமும் சொல், எண்ணெய் தேய்த்துக் குளி என்று சொல்ல மாட்டேன். அம்மன் உனக்கு நல்ல தூக்கத்தைக் கொடுக்கட்டும், நீ நோய்நொடி இல்லாமல் நூறு வயசு இருக்க வேண்டும்.

மறந்துவிடாதே, ஞாயிறு மத்தியானத்துக்குள் கூப்பிடு. இங்கே ஞாயிறு காலை என்றால் உங்கள் எட்மன்டனில் இன்னும் சனிக்கிழமை ராத்திரிதான், அதற்குள் தூங்கிவிடாதே என்று எழுத வந்தேன், நீதான் தூங்குவதே இல்லையே. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இது உன் நைனாவுக்கு இன்னும் தெரியாது. நம் ஊரில் பெண்கள் குண்டத்தைச் சுற்றி வருவதோடு சரி, இரண்டொரு வருஷமாகத்தான் காலேஜ் படிக்கிற பெண்கள் கூட இறங்குகிறார்கள். இன்று காலை நானும் தலைக்குக் குளித்துவிட்டுப் போய்ப் பச்சமுத்துவிடம் காப்புக் கட்டிக்கொண்டேன், புடவைத் தலைப்பால் மறைத்து வைத்திருக்கிறேன். நீ கூப்பிடாவிட்டால் அவருக்கு முன்னால் நான் இறங்குவேன். அவர் காலுக்குத் தெரியாத சூடு என் காலுக்குத் தெரியும், தாங்காது என்றால் அங்கேயே திரும்பி நின்று அவரை வெளியே தள்ளிவிடுவேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
கோமளவல்லி