கவிழ்த்துக் காட்டிய பெட்டி

ஆகஸ்ட் 3
சாப்பாட்டுக் கடை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் மச்சான் எழுதுவது. வேறு யாராவது சொல்லி உங்களுக்குத் தெரிவதற்குள் ஒரு அவமானத்தை நானே சொல்லிவிடுகிறேன். சாப்பாட்டுப் பெட்டி செய்கிற கம்பெனியின் பங்குதாரர் கூட்டத்தில் நான் தூங்கிவிட்டேன். ஏசி ஹால், மெத்தை வைத்த நாற்காலி, மேடையில் ஒருத்தர் சதவீதம் சதவீதம் என்று தாலாட்டுப் பாடினார். விடிவதற்கு முன்பே அடுப்பு முன்னால் நிற்கிற உடம்பு இது, என்ன செய்யும்? கை தட்டும் சத்தத்தில் முழித்து நானும் தட்டினேன். எல்லாரும் நிறுத்திய பிறகும் தட்டிக்கொண்டிருந்தேன் போல. "ஐயா ஏதோ சொல்ல வர்றாரு" என்று மைக்கைக் கையில் கொடுத்துவிட்டார்கள்.

என் படிப்பு மூணாங்கிளாஸ் என்பது மைக்குக்குத் தெரியுமா? எழுந்து நின்று, "நான் உங்க பங்கும் வச்சிருக்கேன், உங்க பெட்டியும் வாங்குறேன். நாலு மாசமா என் கடையில பார்சலுக்கு இந்தக் கரும்புச் சக்கைப் பெட்டிதான். ஒரு சொட்டு ஒழுகினதில்ல" என்றேன். பின்வரிசையில் ஒரு குசும்பன், "குழம்புக்குமா?" என்று கேட்டான். "குழம்புக்குத்தான்யா!" என்றேன். என் மத்தியானச் சாப்பாடு பையில் இருந்தது. எடுத்துக்கொண்டு மேடை ஏறி, தலைவர் மேசையின் வெள்ளைத் துணிக்கு மேலே பெட்டியைக் கவிழ்த்துப் பிடித்தேன். தலைவர் நாற்காலியோடு பின்னால் போனார். ஒரு சொட்டு விழவில்லை. ஹால் அதிர்ந்தது மாப்பிள்ளை. இந்த முறை நான் கை தட்டவில்லை.

விஷயம் இதுதான். பிளாஸ்டிக்கைத் தடை செய்யப்போகிறார்களாம். காலேஜ், ஆஸ்பத்திரி எல்லாம் இனி இந்தப் பெட்டிதானாம். இரண்டாவது மிஷின் வாங்கப் புதுப் பங்கு வெளியிடுகிறார்கள். செப்டம்பர் 15 கடைசித் தேதி. யோசியுங்கள். யோசிப்பதற்கே சம்பளம் வாங்குகிறவர் நீங்கள்.

போனில் சொல்லியிருப்பேன். தங்கச்சி உடனே ஸ்பீக்கரில் போடச் சொல்வாள், இங்கே என் வீட்டுக்காரியும் காதை நீட்டுவாள். பங்கு வாங்கினது இரண்டு பேருக்குமே தெரியாது. அதனால்தான் டிப்போ விலாசத்துக்கே எழுதுகிறேன்.

மேடை கண்ட
உங்கள் மச்சான்


ஆகஸ்ட் 9, காலை 6.40
பஸ் டிப்போ, டைம் கீப்பர் அறை

அன்புள்ள மச்சானுக்கு வணக்கம்.

கடிதம் கிடைத்தது. இரண்டு முறை படித்தேன். கை தட்டிய பகுதியை மூன்று முறை.

ஆண்டறிக்கையையும் வாங்கிப் படித்தேன். லாபம் குறைவு. கடன் அதிகம். மூலப்பொருள் வருஷத்தில் ஏழு மாதம்தான் கிடைக்கும் என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். காகிதத்தை மட்டும் பார்த்தால் நான் தள்ளி நிற்பேன். ஆனால் பொருள் நன்றாக இருந்தால் மற்றதெல்லாம் பின்னால் வரும். முப்பத்தோரு வருஷமாக எந்த டிரைவர் சொன்னதையும் நம்பி நான் நேரம் குறித்ததில்லை. வண்டி கேட்டைத் தாண்டுவதைக் கண்ணால் பார்த்துத்தான் குறிப்பேன். இதில் உங்கள் கண் பார்த்திருக்கிறது. எனக்கு அது போதும்.

நவம்பரில் ஓய்வு பெறுகிறேன். வரப்போகும் பணத்தில் பாதியை எதிர்பார்த்து, இப்போதே சேமிப்பை எடுத்து இதில் போட முடிவு செய்திருக்கிறேன்.

தேநீர் இடைவேளையில் உங்கள் மேடைக் கதையைச் சொன்னேன். கண்டக்டர் ஒருவரும் பஞ்சர் ஒட்டுகிறவரும் தாங்களும் போடுவதாகச் சொன்னார்கள். ஷெட்டைக் கூட்டும் அம்மா துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். "கவுத்துக் காட்டினவரு உங்களுக்குச் சொந்தமா சார்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். "என் மனைவியோட அண்ணன்" என்றேன். "அப்ப சரி" என்று போய்விட்டார்.

ஒரு வேண்டுகோள். ஒரு பெட்டியில் குழம்பு ஊற்றி யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள். என் மேசை மேலேயே கவிழ்த்துக் காட்டுகிறேன். இவர்களும் கண்ணால் பார்க்கட்டும்.

அன்புடன்,
மாப்பிள்ளை


ஆகஸ்ட் 20

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நலம், நலம் அறிய ஆவல் என்றெல்லாம் எழுத வருகிறது. கையில் வேறு விஷயம் இல்லாதபோது அதுதானே வரும்.

குழம்புப் பெட்டி அனுப்பச் சொன்னீர்கள். உங்கள் டிப்போ பஸ்ஸில் குழம்பைக் கொடுத்தனுப்பினால், மூன்றாவது நிறுத்தத்துக்குள் அது கண்டக்டர் வயிற்றுக்குள் போய்விடும். பிறகு பார்க்கலாம்.

பணம் போடுவதில் ஏன் இவ்வளவு அவசரம்? அவசரம் உங்கள் ஜாதகத்திலேயே கிடையாதே. என் தங்கச்சியைப் பெண் பார்க்க வந்துவிட்டு எட்டு மாதம் கழித்துச் சம்மதம் சொன்ன ஆள் நீங்கள். கடன் அதிகம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கொஞ்சம் பொறுத்துப் போடலாம். அந்த அம்மாவையும் பொறுக்கச் சொல்லுங்கள்.

பெட்டி நல்ல பெட்டிதான். உலர்ந்த சாப்பாட்டுக்கு ரொம்பவே நல்லது.

கடையில் கூட்டம். முடிக்கிறேன்.

மச்சான்


ஆகஸ்ட் 30, பகல் 1.15

அன்புள்ள மச்சானுக்கு,

உங்கள் கடிதம் எனக்கு விளங்கவில்லை. இந்த மாதம்தான் மேடையேறிக் கவிழ்த்துக் காட்டியதாக எழுதினீர்கள். அதே ஆள் இப்போது பொறுக்கச் சொல்கிறார். உடம்பு சரியில்லையா? கடையில் ஏதாவது சிக்கலா?

நேற்று கம்பெனியின் புதுப் பங்கு வெளியீட்டுப் புத்தகம் வந்தது. நான்காம் பக்கத்தில் நீங்கள். பெட்டியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, எல்லாப் பல்லும் தெரியச் சிரிக்கிறீர்கள். கீழே, "எங்கள் பங்குதாரர், எங்கள் வாடிக்கையாளர், எங்கள் சாட்சி" என்று போட்டிருக்கிறார்கள். பஞ்சர் ஒட்டுகிறவர் அதை வெட்டி, டியூட்டி அட்டவணைக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டார். வருகிறவர் போகிறவர் எல்லாம் "சார், உங்க மச்சானா?" என்று கேட்கிறார்கள். வெட்கமாகவும் பெருமையாகவும் இருக்கிறது.

கூட்டும் அம்மா நேற்றே வங்கியில் விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டார். கொடுப்பதற்கு முன்பே பொறுக்கச் சொல்லிப் பார்த்தேன். "அவரே சிரிச்சுக்கிட்டு நிக்கிறாரு, பொறுக்க என்ன இருக்கு?" என்றார்.

என் விண்ணப்பமும் எழுதித் தயாராக இருக்கிறது. பத்தாம் தேதி கொடுப்பேன். ஏதாவது சொல்ல இருந்தால் அதற்குள் நேராகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
மாப்பிள்ளை


செப்டம்பர் 2

மாப்பிள்ளைக்கு,

விண்ணப்பத்தைக் கொடுக்காதீர்கள். முதல் வரியிலேயே எழுதிவிட்டேன். இல்லையென்றால் நான் இரண்டு பக்கம் கேலி பேசிவிட்டு, கடையில் கூட்டம் என்று முடித்துவிடுவேன்.

பெட்டி ஒழுகும்.

குழம்பு ஊற்றினால் இருபது நிமிஷம் தாங்கும். பிறகு அடிப்பக்கம் வியர்க்கும். அப்புறம் தொட்டால் ஈரத்துணி மாதிரி இருக்கும். வாங்கின முதல் வாரமே தெரியும் எனக்கு. ஒரு டீச்சரம்மாவின் பை நிறையப் பரீட்சைப் பேப்பர், எல்லாவற்றிலும் என் குழம்பு. "நான் இன்னும் திருத்தவே இல்ல, நீங்க சிவப்பு போட்டுட்டீங்க" என்று அந்த அம்மா சிரித்ததால் தப்பித்தேன். மறுநாளிலிருந்து குழம்பை முன்னே மாதிரியே பிளாஸ்டிக் கவரில் கட்டிப் பெட்டிக்குள் வைக்க ஆரம்பித்தேன். நான் மேடையில் கவிழ்த்ததும் அப்படிக் கட்டின பெட்டிதான். ஒழுகாமல் இருந்தது கவர். கை தட்டு வாங்கினது பெட்டி.

ஒழுகுகிற பெட்டியை ஏன் வாங்குகிறாய் என்று கேட்பீர்கள். பெட்டியை விட்டுவிட்டால் நான் பங்கு வாங்கினது முட்டாள்தனம் என்று ஆகிவிடும். பார்சலுக்கு வருகிறவர்கள் முன்னால் இல்லை, எனக்கு நானே. அதனால் தினமும் நூறு கவர் கட்டி, நூறு பெட்டிக்குள் ஒளித்துவைத்து, பூமிக்கு நல்லது என்று அச்சடித்த மூடியைப் போட்டு மூடினேன்.

மேடையில் நான் நினைத்துச் செய்யவில்லை. கை முந்திவிட்டது. ஆனால் கவிழ்த்த உடனே, உள்ளே கவர் கனமாகத் தொங்குவது என் உள்ளங்கைக்குத் தெரிந்தது. அந்த நொடியிலேயே "அய்யய்யோ, உள்ள கவர் இருக்கு" என்று சொல்லிச் சிரித்திருந்தால் தீர்ந்தது. ஊரையெல்லாம் கிண்டல் பண்ணுகிற வாய்க்கு அது ஒன்றும் கஷ்டமில்லை. சொல்லவில்லை. எழுந்து நின்று கை தட்டினார்கள் மாப்பிள்ளை. முப்பது வருஷமாகச் சமைக்கிறேன். நல்லா இருக்கு என்று சொன்னவர்கள் உண்டு. ஒருத்தர்கூட எழுந்து நின்றதில்லை.

உங்களுக்கு முதல் கடிதம் எழுதியபோதும் தெரியும். அதுதான் இப்போது என்னைத் தின்கிறது. அந்த ஹாலில் இருந்தவர்கள் யாரோ. நீங்கள் என் கண்ணை நம்புவதாக எழுதினீர்கள். அதைப் படித்த பிறகும் கண்டக்டர் வயிறு, பெண் பார்த்த கதை என்று எழுதி அனுப்பினேன். இப்போது ஒவ்வொரு பெட்டியை மூடும்போதும், அப்ப சரி என்று உங்கள் ஷெட்டைக் கூட்டும் அம்மா சொன்னது காதில் விழுகிறது. அவரை நான் பார்த்ததுகூட இல்லை.

உங்களிடம் மன்னிப்பு கேட்கவும் கூச்சமாக இருக்கிறது.

தங்கச்சியின் அண்ணன்


செப்டம்பர் 6, காலை 6.40

மச்சானுக்கு,

என் விண்ணப்பத்தைக் கிழித்துவிட்டேன். கண்டக்டரும் பஞ்சர் ஒட்டுகிறவரும் இன்னும் கொடுக்கவில்லை. நிறுத்தி வைக்கச் சொன்னேன். காரணம் சொல்லவில்லை.

கூட்டும் அம்மாவின் விண்ணப்பத்தைத் திரும்ப எடுக்க முடியுமா என்று வங்கியில் கேட்டேன். முடியாது என்றார்கள்.

உங்கள் தங்கையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். "எங்க அண்ணனா கவுத்துக் காட்டுச்சு?" என்று மட்டும் கேட்டாள். பிறகு வெகுநேரம் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

12ஆம் தேதி பகல் இரண்டு மணிக்கு ஷிப்ட் மாறும். மூன்று பேரும் இருப்பார்கள். நீங்கள் வந்து உங்கள் வாயால் சொல்ல வேண்டும். நான் சொல்ல மாட்டேன். உங்களுக்காக ஒரு முறை சொன்னது போதும்.

இப்படிக்கு,
டைம் கீப்பர்


செப்டம்பர் 19

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

அன்புள்ள என்று போடலாமா என்று தெரியவில்லை. போட்டுவிட்டேன். பிடிக்கவில்லை என்றால் அடித்துவிட்டுப் படியுங்கள்.

ஒரு வாரம் ஆகிறது, உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. நான் வந்தபோது நீங்களும் அந்த அறையில்தான் இருந்தீர்கள். ஆனாலும் ரிஜிஸ்டரிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. அதனால் நடந்ததை எழுதிவிடுகிறேன்.

கவர் இல்லாமல் ஒரு பெட்டியில் குழம்பு ஊற்றிக்கொண்டு வந்திருந்தேன். உங்கள் மேசையில் ஒரு தினசரியை விரித்து அதன் மேல் வைத்தேன். "இதுதான் நிஜம். பாத்துக்கிட்டே இருங்க" என்று சொல்லிவிட்டு, நான் செய்ததை ஒன்று விடாமல் சொன்னேன். பத்து நிமிஷத்தில் சொல்லி முடித்துவிட்டேன், பெட்டி இன்னும் தாங்கிக்கொண்டிருந்தது. மீதி நேரம் அந்த மூன்று பேரும் நானும் சும்மா அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். பெட்டி சீக்கிரம் ஒழுகாதா என்று ஒரு பங்குதாரர் வேண்டிக்கொண்டது அன்றைக்குத்தான் நடந்திருக்கும்.

அப்புறம் காகிதத்தில் ஈரம் வட்டமாகப் பரவியது. கண்டக்டர் "த்ச்" என்றார். பஞ்சர் ஒட்டுகிறவர், "டியூப்பா இருந்தா ஒட்டிக் கொடுத்துடுவேன்" என்றார். சிரித்துவிடலாம் என்று வாயைத் திறந்தேன். கூட்டும் அம்மா என்னைப் பார்த்ததும் மூடிக்கொண்டேன்.

உங்களைவிட அவர் வயதில் சின்னவர் என்று எனக்குத் தெரியாது. கையில் வளையலும் இல்லை, வாட்ச்சும் இல்லை. "அம்மா, உங்க பங்கு கைக்கு வந்ததும் போட்ட விலைக்கே நான் வாங்கிக்கிறேன்" என்றேன்.

"எதுக்கு?"

"என்னாலதானே போட்டீங்க."

"உங்களாலதான் போட்டேன். அதுக்காகக் காசைக் கொடுத்துட்டு வீட்டுக்குப் போயி நீங்க நிம்மதியா சாப்பிடுவீங்க. வேணாங்க. என் பங்கு என்கிட்டயே இருக்கட்டும். ஏறினா ஏறுது, இறங்கினா இறங்குது. நீங்க நெனச்சுக்கிட்டே இருங்க."

சொல்லிவிட்டு, மேசையில் வழிந்திருந்ததை அவரே துடைத்தார். துணியைக் கேட்டேன், கொடுக்கவில்லை.

கம்பெனி ஆபீசுக்கும் போய்வந்தேன். வாசலில் இருந்த பெண், "சார், பெட்டி சார்!" என்று எழுந்து நின்று போட்டோ எடுத்துக்கொண்டது. மேனேஜர் நல்ல மனுஷன்தான். "கவர் கட்டுறது எங்களுக்கும் தெரியும். எல்லாக் கடையிலயும் அதானே. அடுத்த வருஷம் உள்பூச்சு வந்துடும்" என்றார். என் படத்தை எடுத்துவிடச் சொன்னேன். பத்தாயிரம் புத்தகம் அச்சடித்தாகிவிட்டதாம்.

என் மூணாங்கிளாஸ் மூளைக்கு எட்டினதைச் சொல்கிறேன். அந்தப் பூச்சு வந்தால் கம்பெனி பிழைக்கும். வராவிட்டால் ரொட்டிக்கும் பழத்துக்கும் பெட்டி செய்து சின்னதாக ஓடும். இரண்டில் எது என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்பதை அன்றைக்கு மைக்கில் சொல்லியிருக்க வேண்டும்.

கடையில் இப்போது, "பெட்டியில் குழம்பு தர மாட்டோம், பாத்திரம் கொண்டு வரவும்" என்று எழுதி மாட்டியிருக்கிறேன். பார்சல் பாதியாகிவிட்டது. என் வீட்டுக்காரி காரணம் கேட்டாள். சொன்னேன். தங்கச்சி போனை எடுப்பதில்லை. எடுக்கும்போது எடுக்கட்டும்.

அன்றைக்கு உங்களிடம் சொல்லிக்கொள்ளாமல் வந்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். "வரேன் மாப்பிள்ளை" என்றேன். நீங்கள் ஏதோ எழுதிக்கொண்டிருந்தீர்கள். வெளியே வந்தால் எல்லாக் கண்ணும் என் முதுகில் இருக்கிற மாதிரி ஒரு கூச்சம். எதிரே நின்ற முதல் பஸ்ஸில் ஏறி, தலையைக் குனிந்துகொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டேன். வேறு யாரும் ஏறவில்லை. முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அறை ஜன்னலில் நீங்கள் நிற்பது தெரிந்தது. நான் இருப்பதும் உங்களுக்குத் தெரிந்தது. கடைசியில் பஞ்சர் ஒட்டுகிறவர் வந்து கம்பியில் தட்டி, இந்த பஸ்ஸில் எஞ்சினைக் கழற்றி மூன்று மாதம் ஆகிறது என்றார். நான் இறங்கி நடந்தேன்.

இப்படிக்கு,
மச்சான்